ஏழாவது வாக்கு

அனுப்புநர்:
நா. சோலையம்மாள்,
க/பெ. நாகையா (லேட்),
6-வது வார்டு உறுப்பினர்,
கருமலைப்பட்டி ஊராட்சி ஒன்றியம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், சூலக்கரை,
விருதுநகர்.

பொருள்: ஒன்றியத் தலைவர் தேர்தலில் என் கணவரின் சாவை மறைத்து என் வாக்கைப் பெற்றது, அதன்பின் நடந்தவை குறித்து நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒன்றியத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள் எங்கள் ஒன்றியத்துக்குப் பதின்மூன்று வார்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் கூடித் தங்களில் ஒருவரை மறைமுக வாக்கெடுப்பில் தலைவராக்குகிறார்கள். ஏழு வாக்கு வாங்கியவர் தலைவர். தாங்கள் அறிந்ததுதான். அந்த ஏழாவது வாக்கு என்னுடையது.

2. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த நான் சுயேச்சையாக நின்று ஜெயித்தேன். தலைவர் பதவிக்கு நின்ற பட்டாசு ஆலை உரிமையாளர் திரு. காசிராஜன் பக்கம் அவரையும் சேர்த்து ஆறு பேர், எதிர்ப்பக்கம் ஆறு பேர். மிச்சம் நான். என் கணவர் அவருடைய ஆலையில்தான் வெடிமருந்து கலக்கினார். எங்கள் தெருவுக்குக் குடிநீர்த் தொட்டி கட்டித் தருவதாகக் காசிராஜன் சொன்னார். அதை நம்பி, பதவியேற்ற 06.01.2020 அன்று நானாகவேதான் அவர் வேனில் ஏறினேன். இதை மறைக்க விரும்பவில்லை.

3. அவர் பக்கத்து உறுப்பினர்களோடு என்னையும் குற்றாலத்தில் ஒரு விடுதியில் தங்க வைத்தார்கள். அவர் மனைவி திருமதி ஞானசுந்தரி எங்கள் செல்போன்களை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கேட்டில் ஆள் நிறுத்தியிருந்தார்கள்.

4. 09.01.2020 காலை பதினொரு மணிக்கு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. அனுமதித்த அளவைவிடக் கூடுதலாக மருந்து வைக்கிறார்கள் என்று என் கணவர் அதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் சொல்லிப் பயந்தார். உடம்பெல்லாம் வெந்து மருத்துவமனையில் கிடந்தவர் என்னையே கேட்டிருக்கிறார். என் மகள் சினேகா நாற்பத்தொரு முறை என் போனுக்கு அழைத்தாள். முதல் முறை எடுத்த ஞானசுந்தரி, நான் அருவியில் குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னார். பிறகு எடுக்கவில்லை. ஆலை மேற்பார்வையாளர் சங்கிலிமுத்து கட்டிலருகே வந்து, "சோலையம்மாகிட்ட சொல்லியாச்சு. ஓட்டுப் போட்டுட்டுத்தான் வருவேன்னுட்டாக" என்று என் கணவரிடம் சொன்னதை மகள் பக்கத்தில் நின்று கேட்டாள். அதன்பிறகு அவர் என்னைக் கேட்கவில்லை. மறுநாள் மாலை இறந்தார்.

5. 11.01.2020 காலை வேன் ஒன்றிய அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, சினேகாவைக் காசிராஜனின் ஆட்கள் ஓரமாக மறித்து வைத்திருந்தார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அம்மாவப் பாத்த சந்தோசத்துல அழுகுறா. ஓட்டப் போட்டுட்டு வந்து பேசுங்க" என்றார் ஞானசுந்தரி. நான் மகளைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்துவிட்டு உள்ளே போனேன், ஐயா. ஏழுக்கு ஆறு. வெளியே அவருடைய ஆலைச் சரவெடியையே கொளுத்தினார்கள். சத்தம் ஓயும்வரை காத்திருந்துதான் மகளால் என்னிடம் சொல்ல முடிந்தது.

6. வாக்கைத் திருப்பித் தரக் கேட்டேன். விதியில் இடமில்லை, நீதிமன்றம் போகலாம் என்றார் தேர்தல் அலுவலர். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம்.

7. 31.01.2020 அன்று முதல் கூட்டம். வருகைக்கு என்று கையெழுத்து வாங்கினார்கள். பிறகு நகல் வாங்கிப் பார்த்தால் முதல் தீர்மானம் இது: "தமது கவனக்குறைவால் விபத்தில் மரணமடைந்த தொழிலாளி நாகையாவுக்கு இரங்கல். முன்மொழிந்தவர்: தலைவர். வழிமொழிந்தவர்: 6-வது வார்டு உறுப்பினர்." வெடி விபத்து வழக்கில் ஆலைத் தரப்பு இதையே ஆவணமாகக் கொடுத்திருக்கிறது.

ஆகவே, என்னை அடைத்து வைத்தது குறித்து விசாரித்து, அத்தீர்மானத்திலிருந்து என் பெயரை நீக்க ஆணையிட வேண்டுகிறேன். நான் வர மறுத்ததாக நம்பியே என் கணவர் செத்தார். அதைத் திருத்த எந்த அலுவலகத்திலும் வழியில்லை. காகிதத்தில் இருப்பதையாவது திருத்தித் தாருங்கள்.

இணைப்பு: தீர்மான நகல், மகளின் போன் அழைப்புப் பட்டியல்.

இடம்: விருதுநகர்
நாள்: 10.02.2020

இப்படிக்கு,
நா. சோலையம்மாள்
(எழுதியது: மகள் சினேகா)