இந்த வயசில் வேறென்ன வரும்?

கொட்டாரம்
12-6-1954

அன்பு ஞானசெல்விக்கு,

மதராஸில் டாக்டரானதும் கூடப் படித்தவளை மறந்துவிட்டாயே! நீ ஏதோ ஆராய்ச்சியில் சேர்ந்திருப்பதைக்கூட உன் அம்மாதான் கோட்டாற்றில் பார்த்தபோது சொன்னாள்.

எனக்குக் காசமாம். ஆறு மாதமாக ஊசி போட்டும் இருமல் நிற்கவில்லை. சளியில் கிருமியும் அகப்படவில்லை. கேட்டால், "இருபத்தெட்டு வயசில வேறென்ன வரும்?" என்கிறார் இங்குள்ள டாக்டர். எனக்குத் தனி அறை, தனித் தட்டு. முத்துக்கனி வாசலில் நின்று, "எம்மா, நீ எப்பம் வெளிய வருவ?" என்று கேட்கிறாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்ல? நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் மட்டும் என் சத்தம் இல்லாமல் எல்லாரும் சுகமாம்.

உன் பூங்கனி

மதராஸ்
19-6-1954

அடி பூங்கனி,

உன் டாக்டர் கேட்ட கேள்விதான் எங்கள் ஆராய்ச்சியே. நாற்பதைத் தாண்டாதவர்களுக்கு நுரையீரலில் வரும் புற்றைப் பற்றித் தேடுகிறோம். எங்களிடம் வந்தவர்களில் சிலர் பீடியைத் தொட்டதே இல்லை. பெண்களும் உண்டு. காசம் என்று வைத்தியம் பார்த்தே காலம் போய்விடுகிறது.

உனக்கும் அதுதான் என்று சொல்லவில்லை. பார்த்துவிடுவோம். உன் வீட்டுக்காரர் குமாரதாஸ் அண்ணனோடு திருநெல்வேலிக்கு பஸ்ஸில் வந்து ரயிலேறு. சாக்குச் சொன்னால் நானே வந்து காதைப் பிடித்து இழுத்துவருவேன்.

ஞானசெல்வி

கொட்டாரம்
20-7-1954

அன்பு ஞானத்துக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். "காசமில்லை, புற்று" என்று நீ அழுதபோது நான் சிரித்தது உனக்குக் கோபம்தானே? "ஒட்டுமா?" என்று கேட்டேன். "ஒட்டாது மக்கா" என்றாய். அதற்குமேல் எதுவும் என் காதில் விழவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் முத்துக்கனியை வாரித் தூக்கிவிட்டேன். இறங்கவே மாட்டேன் என்கிறாள்.

ஆபரேஷன் என்றதும் அத்தைதான், "நெஞ்சக் கீறவா போற?" என்று அழுதாள். "கீறட்டும் அத்தை, உள்ள இருக்கது வெளிய போகட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க ஒனக்கு யாருட்டி சோறு பொங்குவா?" என்று அவளும் மூட்டை கட்டிவிட்டாள். ராத்திரியில் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அடுத்த வாரம் அங்கே இருப்போம்.

பூங்கனி

மதராஸ்
3-8-1955

பூங்கனிக்கு,

அறுத்து ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் எடுத்த படத்தில் கெடுதல் எதுவும் இல்லை. ஆனாலும் தைப்பொங்கல் கழிந்ததும் வந்து காட்டவேண்டும்.

ஒரு அனுமதி வேண்டும். உன் நோயைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறேன். பெயர் இருக்காது. "பள்ளி ஆசிரியை, வயது 28, புகைபிடிப்பவரல்லர்" என்றுமட்டும் வரும். அனுப்பட்டுமா?

ஞானம்

கொட்டாரம்
14-8-1955

ஞானத்துக்கு,

தாராளமாக எழுது. "வாயாடி" என்பதையும் சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

மறுபடி வகுப்பெடுக்கிறேன். என் சத்தம் கடைசி பெஞ்சுக்கு எட்டவில்லை. அதனால் கடைசி பெஞ்சை முன்னால் கொண்டுவந்து போட்டுவிட்டேன். பயல்களுக்கு ஒரே துக்கம்.

இன்னொன்று. எங்கள் தையல் டீச்சர் அன்னக்கிளி மாசக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்க" என்றவளை விடாமல் கூட்டிப்போய்ப் படம் எடுத்து, சளியும் சோதிக்க வைத்தேன். முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. அவளுக்குக் காசம்தான், கிருமி தெளிவாகத் தெரிந்ததாம். ஊசிக்கு இருமல் குறைந்துவருகிறது. உன் ஆராய்ச்சிக்கு ஒரு ஆள் கிடைக்காமல் போனாள். கோபித்துக்கொள்ளாதே.

என்றும் உன்
பூங்கனி