ஒன்பது மலைச்செடிகள்

கோவில்பட்டி
14-3-1999

அன்புள்ள சுகுணாவுக்கு,

பூவனலிங்கம் எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கொடைக்கானல் குளிரில் பூங்கொடிக்குச் சளி விட்டதா? விடுதிப் பிள்ளைகள் எழுபது பேரையும் கவனிக்கிற வார்டன் நீ. சொந்தப் பிள்ளையின் நெஞ்சையும் கொஞ்சம் கவனி.

தீபாவளி கழித்து நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய ஒன்பது செடிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒன்றாவது பிழைத்திருந்தால் முழுப்பரீட்சை லீவுக்குப் பிள்ளையோடு வருவதாகவும் எழுதியிருந்தாய். உன் இரண்டு கடிதங்களுக்கு நான் பதில் போடவில்லை. பயம்தான், வேறென்ன.

லென்டன் ரோஸ் என்று உங்கள் கான்வென்ட் சிஸ்டர் சொன்னாராம், தவக்காலத்தில் பூக்குமாம். பெயரில்தான் ரோஜா. முள்ளும் கிடையாது, பூக்க மூன்று வருஷம் வேறு. நிழல் வேண்டும் என்றாய், வேப்பமரத்தடியில் நட்டேன். நம் கரிசல் மண்தான் உனக்குத் தெரியுமே. கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு விடமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. நான்கு செடிகள் வேர் அழுகிப் போயின. மிச்சம் ஐந்தையும் தோண்டியெடுத்து, கழுகுமலைப் பக்கமிருந்து செம்மண் கொண்டுவந்து, அடியில் ஓட்டை போட்ட எண்ணெய் டின்களில் வைத்தேன். தண்டின் அடி புதையக் கூடாது என்றாயே, விரலால் அளந்து வைத்தேன்.

அப்புறம் மாசி வெயில். குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். என் குளியலைக் குறைத்துச் செடிகளுக்கு ஊற்றினேன். சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, என் மோட்டார் ரிப்பேர் கடையில் கிடந்த பழைய டேபிள் ஃபேனுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிச் சாக்குக்குப் பின்னால் வைத்தேன். பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாய் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, செடிக்கா ஃபேன் போட்டிருக்கீய? எங்க வீட்டு மனுசனுக்கே நான் போட்டதில்லையே" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்படியும் மூன்று கருகிவிட்டன.

இரண்டு மிஞ்சின. போன செவ்வாய்க்கிழமை நாகலாபுரம் கொம்பையா கடைக்கு வந்தார். நான் காயில் சுற்றிக் கொடுத்த மோட்டார் பத்தே நாளில் மறுபடி புகைந்துவிட்டதாம். "காசு வாங்கத் தெரியுதுல்லா, வேலை தெரியாதாவே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டு மோட்டாரைத் திரும்ப வாங்கி வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. ஃபேன் நின்று, சாக்கு காய்ந்து, ஒரு செடி துவண்டு கிடந்தது. ஒரே உதை. டின் சுவரில் மோதி உருண்டது. செடி வேரோடு முறிந்துவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. அதுவும் வெயிலில் போயிற்று என்று எழுதினால் நீ நம்பியிருப்பாய். அப்படியே எழுதி ஒட்டியும் விட்டேன். தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்து கிழித்துப் போட்டேன்.

டின்னைத்தானே உதைத்தேன், செடியை உதைக்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. ஸ்பானரை எறிந்த அன்றும் சுவரில்தானே எறிந்தேன், பிள்ளைமேல் இல்லையே என்று உன்னிடம் சாதித்தேன். பூங்கொடியின் காதோரம் சுவர்ப்பூச்சு பெயர்ந்து விழுந்தது. அவள் அழக்கூட இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் நீ பெட்டி கட்டினாய். அன்றைக்கு உன்மேல் எனக்கு ஆத்திரம். இன்றைக்கு இல்லை, சுகுணா. நீ செய்ததுதான் சரி.

கடைசிச் செடி நன்றாகவே இருக்கிறது. நேற்றுப் புது இலை விட்டிருக்கிறது. உன் கணக்குப்படி நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அதை நம்பி வந்துவிடாதே. வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத முடியவில்லை. வீடு ஓவென்று கிடக்கிறது. கிடக்கட்டும். என் கைக்கும் காலுக்கும் நானே இன்னும் ஜாமீன் நிற்க முடியாது. இந்த லீவுக்குப் பிள்ளை அங்கேயே இருக்கட்டும். நீ கடிதம் போடுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

பூங்கொடி கேட்டால் எதையும் மறைக்காமல் சொல். அப்பா முத்தம் கொடுக்கச் சொன்னதாகச் சொல்லி ஒன்று கொடு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வற்புறுத்தாதே.

இப்படிக்கு,
பூவனலிங்கம்