ஈச்சமரத்தில் ஈரம்

சௌபாக்கியவதி வத்சலாவுக்கு,

விற்பனைக்கு முன் மரங்களையும் பறவைகளையும் கணக்கெடுக்க, ஆய்வாளருடன் நம் சாந்த்ராகாச்சி தரிசுக்குச் சென்றேன். நிலத்தை எவரும் பயன்படுத்தவில்லை என்று நான் உறுதிமொழி தர வேண்டும்.

ஆனால் ஈச்சமரங்கள் எல்லாவற்றிலும் சாறு இறக்கிய வெட்டுகள். புதியதில் ஈரம்கூடக் காயவில்லை. பானையுடன் வந்தவரிடம், யாரைக் கேட்டு இறக்குகிறீர்கள் என்றேன்.

"பௌதி சொல்லித்தான், தாதா. வருஷா வருஷம் வெல்லம் குடுக்கறேனே, நீங்க சாப்பிட்டதில்லையா?"

என்னைத் தாதா என்று அண்ணனாக்கிய அந்த வங்காளி, பௌதி, அதாவது அண்ணி, என்றது உன்னை. திடுக்கிட்டுப் போனேன். கரியாஹாட் சந்தையில் வாங்கியதாகச் சொல்லி, பொங்கல்தோறும் நீ பானையில் இட்ட வெல்லம்!

சொன்னால் சட்டம் பேசுவேன் என்று மறைத்தாயா? பேசியிருப்பேன்.

விற்றால் அம்மரங்கள் நிற்கா. உறுதிமொழியில் நான் கையெழுத்திடவில்லை. அவர் தந்த வெல்லம் உன் டப்பாவில் இருக்கிறது. சென்னையிலிருந்து விரைவில் வா.

திகைப்பு நீங்காத,
உன் கணவன்