கெதியைப் பாக்காதையடி

இன்று காலை விட்பியிலிருந்து ரொறன்ரோவுக்கு வரும் ரயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கைப்பையைத் திறந்து, ஒரு சின்னப் போத்தலிலிருந்து யூக்கலிப்டஸ் தைலத்தை விரலில் தொட்டு நெற்றியில் பூசினாள். நான் மடியில் கணினியை வைத்துக்கொண்டு, 'ஒரே வருடத்தில் இளங்கலைப் பட்டம், வீட்டிலிருந்தபடியே, குறைந்த செலவில்' என்ற பக்கத்தை மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த மணம் வந்ததும் வாசித்த வரி விட்டுப்போயிற்று. சட்டென்று திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். நீ இருப்பாய் என்று நினைத்தா திரும்பினேன் என்று பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

நீ இல்லாமல் இது இரண்டாவது பனிக்காலம். இந்தத் தைல மணம் மட்டும் உன்னோடு போகாமல் என்னோடு வந்து ஏறிக்கொள்கிறது.

ஒவ்வொரு விசாரணைக்கும் முன்னால் நீ இப்படித்தான் பூசுவாய். அகதி வழக்குகளுக்கு நீ மொழிபெயர்ப்பாளராக வருவாய். நான் எங்கள் லோயருக்குக் கிளார்க்காகக் கோப்புக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன். "தலைக்குள்ளை ரெண்டு பாஷை இடிபடுகுதடி, இதைப் பூசினால்தான் வரிசையிலை நிக்கும்" என்பாய். மன்னார்க்காரி நீ சிலுவை போட்டுவிட்டுப் பூசுவாய். யாழ்ப்பாணத்துக்காரி நான் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு உன் போத்தலில் பங்கு கேட்பேன். "ஒருநாளும் சொந்தமாக ஒரு போத்தல் வாங்கமாட்டாய், கஞ்சப்பிசினாறி" என்று என்னைத் திட்டுவாய்.

எல்லாம் அந்தக் 'கொலிஜ்' வழக்கில்தான் தொடங்கியது. உனக்கு மறந்திருக்காது. யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மனிதர். கதிரையின் நுனியில் இருந்தபடி, "நான் கொலிஜ்ஜிலை படிக்கேக்கைதான் என்னைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்றார். நீ அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாய். வேறு எப்படிச் சொல்ல முடியும், அந்தச் சொல்லே ஆங்கிலம்தானே. விசாரித்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிடிபட்டபோது பதினாலு வயது என்று எழுதித் தந்திருக்கிறீர்கள், பதினாலு வயதுப் பையன் எப்படிக் கல்லூரியில் படித்திருக்க முடியும் என்று கேட்டார். இந்த நாட்டில் கொலிஜ் என்றால் பள்ளிக்கூடம் முடித்தபிறகு போகிற இடம். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தின் பெயரே கொலிஜ்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அங்கேதான் போகும்.

அந்த மனிதருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "ஓம், கொலிஜ்தான், கொலிஜ்தான்" என்று அழுத்திச் சொல்லச் சொல்ல, அவர் பொய்யர் ஆகிக்கொண்டே போனார். எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் கிளார்க்குக்கு அந்த அறையில் வாய் கிடையாது. துண்டில் எழுதி, அதால் லோயரின் முதுகில் தட்டினேன், அவர் திரும்பவில்லை. எனக்கு நாக்கு துடித்தது. எழும்பிக் கத்திவிடுவேனோ என்று நானே பயந்துபோனேன்.

அப்போதுதான் நீ கையை உயர்த்தினாய். எழும்பி நின்று, மொழிபெயர்ப்பில் ஒரு திருத்தம் இருக்கிறது, பிழை என்னுடையது, அவருடையதல்ல என்று ஆங்கிலத்தில் சொன்னாய். பிறகு எங்கள் ஊரில் கொலிஜ் என்றால் என்ன என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினாய். அந்த மனிதர் உன்னையும் விசாரித்தவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் தலை தப்பியது அவருக்குத் தெரியவே தெரியாது.

முடிந்து இறங்கும்போது நான் லிஃப்ட் கதவைப் பார்த்து வாதாடிக்கொண்டு வந்தேன். லோயர் இப்படிக் கேட்டிருக்க வேண்டும், அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஓயவே இல்லை. நீ சிரித்துவிட்டாய்.

"எடி அப்புக்காத்து, வாய் உன்னட்டைக் கிடக்கு. அந்த அறையிலை திறக்கிற உரிமைதான் இல்லை. போய் அதை எடுத்துக்கொண்டு வா."

அப்புக்காத்து, ஊரில் அந்தக் காலத்து ஆட்கள் வழக்கறிஞரைச் சொல்கிற சொல். இப்படி ஆட்களுக்குப் பட்டப்பெயர் வைத்துப் பட்டம் தெளிப்பது உனக்குக் கைவந்த கலை. அன்றிலிருந்து டோர்செட் பார்க் கடைகளில்கூட என்னை அப்புக்காத்து என்று கூப்பிட்டு மானத்தை வாங்கினாய். யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஒரு நொடியில், அவ்வளவு கெதியாகவும், ஒரு சதம் செலவில்லாமலும் எனக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான்.

மற்றப் பட்டத்தைத் தேடித்தான் இப்போது தலை கிறுகிறுத்துப்போய் இருக்கிறேன். சட்டம் படிக்கப் போவதென்றால் முதலில் ஒரு டிகிரி வேண்டும். என்னிடம் இருப்பது இங்கத்தைய கொலிஜ் டிப்ளோமா. பார்த்தாயா, இந்தச் சொல் என்னை விடுவதாக இல்லை. வேலையை விட முடியாது, ஆகவே ஒன்லைன். வயது நிற்கவில்லை, ஆகவே கெதியாக முடிய வேண்டும். வீட்டுக் கடன் இருக்கிறது, ஆகவே மலிவாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துத் தேடினால் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து விளம்பரம் விளம்பரமாக வந்து கொட்டுகிறது. பாடத்தை எவ்வளவு வேகமாக முடிக்கிறாயோ அவ்வளவு வேகமாகப் பட்டம் என்கிறார்கள்.

அதைத் திறந்து சந்தோசப்பட்டுக்கொண்டிருந்த அன்றைக்கே மகள் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம்.

"அம்மா, இதிலை மார்க்ஸே இல்லை, பாஸ் ஓர் ஃபெயில் மட்டும்தான். ஜிபிஏ இல்லாட்டி லோ ஸ்கூல் எதை வைச்சு உங்களை எடுக்கும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. பாஸ் என்றால் பாஸ்தானே என்று இருந்துவிட்டேன். இங்கேயே ஒன்லைனில் படிக்கலாம், புள்ளியும் போடுவார்கள், ஆனால் வேலையோடு படித்தால் வருடக்கணக்காக இழுக்கும். மகள் வேலைக்குப் போய்ச் சம்பளம் எடுக்கத் தொடங்கியபிறகும் நான் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பேன். கணவரைக் கேட்டால் மலிவானதைப் பிடி என்கிறார். எங்கள் லோயரின் கந்தோரில் புதிதாகச் சேர்ந்த இளம் லோயர், டிகிரியே வேண்டாம் அக்கா, இங்கிலாந்துச் சட்டத்தை நேரடியாகப் படித்துவிட்டு வந்து இங்கே சோதனை எழுதுங்கள் என்கிறார். ஒரு சட்டக் கல்லூரிக்கு நானே அழைத்துக் கேட்டேன். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்ப்போம் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தமிழில் சொல்ல நீயும் இல்லை. ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள், நான் நாற்சந்தியில் நின்று முழிக்கிறேன்.

இவ்வளவு குழப்பத்துக்கும் அடியில் இருக்கிற குழப்பம் நீ தந்தது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் ஒருநாள், உன்னால் அதிகம் பேச முடியவில்லை. மெலிந்துபோன உன் கையைப் பார்த்தால் எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க நான் இந்தப் பட்டக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ஒரே வருடத்தில் முடிக்கலாமாம் என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய்.

"கெதியைப் பாக்காதையடி."

தாதி உள்ளே வந்தாள், என்னை வெளியே நிற்கச் சொன்னாள். அடுத்த நாள் நான் வந்தபோது நீ பேசும் நிலையில் இல்லை.

எந்தக் கெதி? ரொறன்ரோ முழுக்க உன்னைப்போல ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லை என்பார்கள், நீ போய் இப்படி ஒரு சொல்லையா என் கையில் தந்துவிட்டுப் போவாய்? வேகத்தைப் பார்க்காதே, ஆறுதலாக, ஒழுங்காகப் படி என்றாயா? அல்லது என் கண் கலங்கியதைக் கண்டுவிட்டு, என்ரை கெதியை, நான் கிடக்கிற நிலையைப் பார்த்து அழாதே என்றாயா? ஒரு கிழமை முதல் அர்த்தம்தான் சரி என்று இருப்பேன். மறு கிழமை இரண்டாவதுதான் என்று அடித்துச் சொல்வேன். இரண்டாவது என்றால் நீ டிகிரியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. உன் கெதியைக் கண்ணால் கண்ட எனக்கு, இருக்கிற காலத்துக்குள் கெதியாக முடி என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை மாதமாக எந்தப் பக்கமும் போகாமல் நிற்கிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிற மொழிபெயர்ப்பாளர்களுக்கு நீ முதலில் சொல்லிக்கொடுப்பது எனக்கு மனப்பாடம். "ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் வந்தால் நீங்களாய் ஒண்டை எடுக்கக் கூடாது. சொன்ன ஆளைத்தான் திருப்பிக் கேக்கவேணும்."

யாரை எங்கே போய்க் கேட்பது?

இங்கத்தைய படிப்புக்குப் பதிய இன்றுதான் கடைசி நாள். யூனியன் நிலையம் நெருங்கும்போது மகள் செய்தி அனுப்பினாள், முடிவெடுத்தாயிற்றா என்று. நான் தன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்துப் பெண்ணுக்கு விளங்கியிருக்க வேண்டும். தலையிடியா என்று கேட்டுப் போத்தலை என் பக்கம் நீட்டினாள். இன்றைக்கும் நான் இரவல்தான். விரலில் தொட்டு நெற்றியின் இரண்டு பக்கமும் பூசிக்கொண்டேன். கண் எரிந்தது, கொஞ்சம் அழுதேன், தைலத்தின் மேல் பழியைப் போட்டேன்.

பிறகு ஒரே வருடத்தில் முடிகிற பக்கத்தை மூடிவிட்டு, புள்ளி போடுகிற நீண்ட படிப்புக்குப் பதிந்துவிட்டேன். தெளிவு பிறந்து செய்ததில்லை. உள்ளே இன்னமும் கலங்கிக்கொண்டுதான் இருக்கிறது. முடித்து வரும்போது தலை முழுக்க நரைத்திருக்கும், அதன்பிறகும் சட்டக் கல்லூரி என்னை எடுக்குமோ தெரியாது. ஆனால் அந்த அறையில் வாயைத் திறக்கப் போகிறவள் புள்ளியோடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நீ சொன்ன கெதிக்கு வேகம் என்று நானாக ஒரு அர்த்தத்தை எடுத்துக்கொண்டுவிட்டேன். உன் தொழிலின் முதல் விதியை மீறித்தான் உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

நீ தெளித்த பட்டம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மற்றதை எடுக்கத் தொடங்கிவிட்டேன். நான் எடுத்த அர்த்தம் பிழையெண்டால், அண்டைக்கு எழும்பினது போலை எழும்பித் திருத்தடி.