பொரி மாதிரி கட்டிய முள்

யுவனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஊட்டிக் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். நன்றாக இல்லாதது நம் தெருக் கோயில் குளத்து மீன்கள்தான். போனில் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

நீ கிளம்பிய மறுநாள் காலை மூன்று கெண்டைகள் படிக்கட்டு ஓரம் செத்து மிதந்தன. ஒன்றின் உதட்டில் தூண்டில் முள் இருந்தது. வெள்ளைப் பட்டு நூலைப் பொரி அளவுக்குச் சுற்றி அரக்கு நூலால் கட்டிய முள். பீரோவைத் திறந்து பார்த்தேன், அம்மாவின் அரக்கு முகூர்த்தப் புடவை முந்தானையில் ஒரு குஞ்சம் இல்லை. ஃப்ளை ஃபிஷிங் என்று, முள்ளில் பொய் இரை கட்டி மீன் பிடிக்க ஊட்டி ஓடையில் கற்றதை, சனிக்கிழமைதோறும் அம்மா போடும் பொரிக்குப் பயமில்லாமல் மேலே வருகிற மீனிடமா காட்டினாய்? பிடிச்சு உடனே விட்டுடுவோம்பா, மீனுக்கு ஒண்ணும் ஆவாது என்று சொன்னாயே. ஓடைத் தண்ணீர் சில்லென்று ஓடுகிறது. இங்கே கத்திரி வெயிலில், மத்தியானம் ரெண்டு மணிக்குத் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தேன், முப்பத்து நான்கு டிகிரி. சூட்டுத் தண்ணீரில் ஆக்சிஜன் தங்காது. பத்து நிமிஷம் இழுத்துக் களைக்க வைத்து, போட்டோவுக்குத் தூக்கிப் பிடித்து, திரும்ப விட்டால் கண்ணெதிரே நீந்திப் போகும், அப்புறம் சாகும். முள் கழன்று வராமல் தடுக்கும் பின்கூரைப் பிளையரால் நசுக்கக்கூட உனக்குப் பொறுமை இல்லை.

இதோடு முடியவில்லை. அம்மாவுக்கு விஷயம் தெரியாது. குளத்துக் கேட்டைப் பார்த்துக்கொள்ளும் பஞ்சாட்சரத்தைத் தெருவில் நிறுத்தி, சாவி உங்கிட்டதானே இருக்குது, நீ காசு வாங்கிக்கினு யாரை உள்ளே உட்டே என்று கேட்டுவிட்டாள். அவர் சாவியை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். முள்ளோடு அவர் வீட்டுக்குப் போனேன். புள்ள படம் புடிக்கணும்னு சாவி கேட்டுச்சு, குடுத்தேன், அம்மாகிட்ட சொல்லாதப்பா, சின்னப் பையன் என்கிறார். உன்னுடைய இதே பத்தொன்பது வயதில் எனக்கு நீ பிறந்துவிட்டாய், நீ சின்னப் பையனா?

தினமும் மத்தியானம் மோட்டார் போட்டு, காற்றுக் கலக்கட்டும் என்று உயரத்திலிருந்து தண்ணீர் விழவைத்தவர் அவர். நாலு நாளாக அது நின்றுவிட்டது. ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் நான் போடுகிறேன், போதவில்லை, காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நானே அம்மாவிடம் சொல்லியிருப்பேன். நான் சொன்னால் நீ தப்பித்துவிடுவாய்.

முள் என் டூல் பாக்ஸில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் முதலில் அம்மாவிடம் சொல், பிறகு பஞ்சாட்சரத்திடம் பேசு. பேசவில்லை என்றால் சனிக்கிழமை காலை அவள் பொரி எடுக்கும்போது முள்ளை எதிரில் வைப்பேன். அந்த நூலை அவளுக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, நன்றாக இரு. மோட்டார் போட நான் எடுக்கும் நேரம் போக, சாவி டிவி பக்கத்திலேயே கிடக்கிறது. அம்மா அதைத் தொட மாட்டேன் என்கிறாள்.

அப்பா,
பிரேம்நாத்
செவிலிமேடு