கீழே நின்று கதைக்கிறவள்

உரும்பிராய்,
1936 மாசி 9.

அன்புள்ள தம்பி தில்லைநாதனுக்கு,

மச்சாள் கமலாவதி எழுதுவது. நல்லூரான் உம்மைக் குறைவில்லாமல் வைத்திருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நல்ல சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

புகையிலை நன்றாகத் தழைத்திருக்கிறது. இந்த மாதம் தண்ணீர் தவறினால் எல்லாம் கருகிப்போகும். அதனால் விடியப்புறம் உமது அண்ணை கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைக்கத்தான் வேண்டும். மார்கழியில் கிணற்றுப் பங்குக்காரர் இளையதம்பி அந்தத் துலாவிலிருந்து கிணற்றுக்குள் விழுந்து செத்தபோது, கீழே தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்து நின்றவர் அண்ணைதான். அதற்குப் பிறகு எங்கள் கிணற்றுக்கு இறைக்க ஒருவரும் வருவதில்லை. இப்போது பட்டை பிடிக்கிறவள் நான். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

முன்பெல்லாம் அண்ணை திருநீறு பூசி, துலாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி ஏறினால் பாட்டும் கூடவே வந்துவிடும். அந்த உயரத்து மரத்தில் முன்னும் பின்னும் நடப்பது அவருக்கு வீட்டு ஒழுங்கைத் தரையில் நடக்கிற மாதிரி. இப்போது ஏறாமல் துலாக்காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்கிறார். ஏறினாலும் பாட்டில்லை. மனம் எங்கோ போய், நடுத் துலாவில் கால் நின்றுவிடும்.

அதனால் நான் வாய் ஓயாமல் கதைக்கிறேன். பக்கத்துக் காணிச் சீவரத்தினம் எங்கள் எல்லைக்குள் தள்ளி வேலி அடைத்துவிட்டான் என்று ஒருநாள் சொன்னேன். "உவனுக்கு என்ன கொழுப்பு? இறங்கி வந்து காட்டுறன்" என்று ஏசி ஏசியே முழுத் தோட்டத்துக்கும் மிதித்து முடித்தார். வேலி இருந்த இடத்திலேதான் இருக்கிறது. கோபம் இருக்கும்வரை அவருக்குக் கால் பிசகாது. உம்மையும் நான் விடவில்லை. கொழும்பில் சுருட்டுப் பிடிக்கப் பழகிவிட்டீர் என்று சொல்லி ஒரு காலையை ஓட்டினேன். கோபிக்க வேண்டாம்.

இன்று என் பொய் ஒன்றும் எடுபடவில்லை. நடுத் துலாவில் நின்று கிணற்றையே பார்த்தார். பிறகு, "விழேக்கை இளையதம்பி ஏன் கத்தேல்லை?" என்று மெதுவாகக் கேட்டார். இறங்கி வந்து, நாளைக்கு நீ வரவேண்டாம், நான் தனியப் பாக்கிறன் என்றார். துளிக் கோபமும் இல்லாமல் அவ்வளவு சாந்தமாகச் சொன்னார். தனி ஆளாக இறைக்க முடியாதென்று உமக்குத் தெரியும். நாளை அவருக்கு முந்திப் போய் நான் கிணற்றடியில் நிற்பேன்.

நீர் கொழும்புக் கந்தோரில் லீவு கேட்டு இரவு மெயில் ரயிலில் வந்துவிடும். புகையிலை வெட்டும்வரை நீர் மிதியும், அண்ணை கீழே நிற்கட்டும். நீர் நூறு வயது வாழ வேண்டும்.

தம்பி வாறார் என்றுதான் விடிய அவருக்குச் சொல்லப்போகிறேன். அதையும் பொய்யாக்கிவிடாதேயும்.

உமது வழி பார்த்திருக்கும்,
கமலாவதி