பூதலிங்கத்துக்குப் போட்ட இலை

ஸ்ரீவைகுண்டம்
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் குமரவேலுக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கைலாசநாதர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். கௌஹாத்தியில் குளிர் விட்டதா, சளி நின்றதா, ரயில்வே கேன்டீனில் சோறு கிடைக்கிறதா, இல்லை இன்னும் ரொட்டிதானா? அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, கல்யாண வேலை வந்ததும் வலி எந்தப் பக்கம் ஓடியதென்றே தெரியவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்து வாழைக்கு முறை வைத்து விடுகிறார்கள். போன் இருக்கும்போது இவர் ஏன் காகிதத்தைத் தூக்கினார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள், வாட்ஸ்அப்பில் போட்டால் உன் பதிலை எனக்கு முன்னால் அவள் பார்த்துவிடுவாள். இது அவளுக்கு இப்போது தெரியக்கூடாத சங்கதி.

ரிட்டயரான பிறகு சும்மா உட்கார்ந்து அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளாமல் ஊர் வரலாற்றை எழுதுங்கள் என்று என்னைக் கிளப்பிவிட்டவன் நீதான். அணைக்கட்டு, படித்துறை, தெருக்கள் என்று நிம்மதியாக எழுதிக்கொண்டிருந்தவனைச் சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஊர்க்கதை இருக்கட்டும், நம்ம குலசாமி, நம்ம சாஸ்தா எதுன்னு கண்டுபிடியும் என்றார்கள். பங்குனி உத்திரத்துக்கு ஆளாளுக்குத் தன் சாஸ்தா கோயிலுக்குப் போகும்போது நாம் மட்டும் போக இடம் தெரியாமல் திருச்செந்தூருக்குப் போய்விட்டு வருகிறோமே என்று அவர்களுக்குக் குறை. என் தாத்தாவுக்குத் தாத்தா காதறுந்த பூதலிங்கம், அணைக்கட்டு வேலைக்கு இந்த ஊருக்கு வந்தவர், அதற்கு முன்னால் எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார். அதனால் வந்த வினை.

உன் நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் மதுமதியின் அம்மா, எங்க வீட்டுல புடலங்காய் சேக்க மாட்டோம், எங்க சாஸ்தாவுக்கு ஆகாது என்று சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். எங்க வீட்டுலயும் தொட மாட்டோம், ஏன்னுதான் தெரியாது என்றாள் உன் அம்மா. இதைவிடப் பொருத்தம் வேணுமா என்று பந்தியே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, இரண்டு வீட்டுக்கும் ஒரே சாஸ்தாவோ என்று அந்தப் புடலங்காய் என் தொண்டையில் நின்றுகொண்டது. நாளுக்கு நாள் அரிப்பு தாங்காமல், என்னோடு ஊர்க்கதை சேகரிக்கிற கார்த்திகேசன் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் போய், மலையடிவாரத்தில் இருக்கிற அவர்கள் சாஸ்தா கோயிலுக்குப் போனேன். இது நம் சாஸ்தா இல்லை என்று தெரிந்துகொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன், சத்தியமாக.

பூசாரி நல்ல மனுஷன், கேட்காமலே சொன்னார். இந்தக் கோயிலுக்கு அண்ணன் தம்பி மூணு பேரு, கடைக்குட்டிக்கு ஒரு காது அறுந்திருக்கும், சண்டை போட்டுட்டு ஆத்தோட கீழ போயிட்டாரு, இன்னைக்கும் படைப்பு அன்னைக்கு அவரு வகையறாவுக்குன்னு ஒரு இலை போடுதோம், ஆரும் வாரதில்ல, அப்படியே எடுத்து ஆத்துல விட்டுருதோம் என்றார். பேரு என்ன என்று அண்ணாச்சி கேட்டார். பூதலிங்கம் என்றார். நீங்க எந்த ஊரு என்று பூசாரி என்னைப் பார்த்துக் கேட்டபோது திருநெல்வேலி என்று சொல்லிவிட்டேன்.

நம் ஆட்களில் ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், கொண்டு கொடுப்பது கிடையாது, உனக்குத் தெரியாதது இல்லை. அந்த முறைக்கு மதுமதி உனக்குத் தங்கச்சி. ஆறேழு தலைமுறையில் என்ன ரத்தம் மிச்சம் இருக்கப்போகிறது என்று படித்த மூளை சொல்கிறது, மனசு கேட்கமாட்டேன் என்கிறது. சம்பந்தி குமரகுருபரனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே கல்யாணத்தை நிறுத்திவிடுவார், முறை விஷயத்தில் அவர் கல்லு. நீயோ வேலை முடிந்ததும் அந்தப் பெண்ணோடு தினமும் பேசுகிறாய், உன் குரலே மாறியிருக்கிறது என்று அம்மா பூரித்துப்போகிறாள். சொல்லாட்டி ஆருக்குவே தெரியும், பைய விட்டுரும் என்கிறார் அண்ணாச்சி. எப்படி விட? இந்தப் பங்குனிக்கு எங்கே போகிறோம் என்று சொந்தக்காரர்கள் வேன் பேசிவைத்துக்கொண்டு கேட்கிறார்கள். பொய்யாக ஒரு சாஸ்தாவைக் காட்டினால் குடும்பம் மொத்தமும் காலத்துக்கும் அடுத்தவன் சாமியைக் கும்பிடும். போதாக்குறைக்கு நேற்று மதுமதியே போன் செய்து, மாமா, உத்திரத்துக்கு எங்க கோயிலுக்கு வாங்க, பெரியவங்க நிறையப் பேர் வருவாங்க, உங்க சாஸ்தாவைப் பத்தி யாருக்காவது தெரிஞ்சிருக்கும் என்கிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். வீட்டில் வாய் திறக்கவே பயமாக இருக்கிறது குமரா.

அதனால் உன்னைக் கேட்கிறேன், வாழப்போகிறவன் நீ. இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது அம்மா பக்கத்தில்தான் இருப்பாள், அதனால் ஊர் வரலாற்றைப் பற்றிச் சொல்வதுபோல ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேடுங்கப்பா என்று சொன்னால் நான் நேரே சம்பந்தி வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். போதும்பா என்று சொன்னால், கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் கையை விரித்துவிட்டு, எழுதினதை எல்லாம் மூட்டை கட்டிவிடுகிறேன், பாவம் என் தலையோடு போகட்டும். பாரத்தை உன்மேல் இறக்குகிறாரே என்று கோபப்படாதே, தனியாகத் தூக்க முடியவில்லை.

நீ நல்லா இருப்பாய், குறை ஒன்றும் வராது. எண்ணெய் தேய்த்துக் குளி. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. மனசில் இருப்பதை மறைப்பானேன், போதும்பா என்றே சொல்லு ராசா. சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விடு, என் பேச்சை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
காந்திமதிநாதன்